அங்காடியும் மன்றமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாறிவரும் மக்கள் எதிர்பார்ப்புக்கு ஏற்பக் கடைத்தொகுதிகள் தம்மை எவ்வாறு மாற்றிக்கொள்கின்றன என்பது நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். தொலைபேசியில் இதைச் சொன்னபோது செயலாளர் அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, இது வணிகர் சங்கக் கூட்டமன்று" என்று மென்மையாக நினைவூட்டினார். நினைவில் இருக்கிறது. ஆயினும் 31 ஆண்டுகள் துணிப்பிரிவில் அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்ற ஒருவன், கவிதை எழுதும் முறையை உங்களுக்குச் சொல்லித் தருவதைவிடத் தான் நின்ற இடத்தைப் பற்றிச் சொல்வதே பொருத்தம் என்று எண்ணினேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இம்மலருக்காக வட்டத்தின் கூட்டக் குறிப்பேடுகளைப் புரட்டும் பணி எனக்கு வாய்த்தது. முதற் கூட்டங்கள் தேக்காவில் ஓர் உணவகத்தின் மாடியில் நடந்திருக்கின்றன. அந்த மாடியை வேறொருவர் வாடகைக்கு எடுத்த பின்னர்ச் சில கூட்டங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலும், சில உறுப்பினர் இல்லங்களிலும் நடந்தன. நோய்த்தொற்றுக் காலத்தில் கணினித் திரையில் முகம் பார்த்துக்கொண்டோம். எஞ்சியவை, அதாவது பாதிக்கு மேற்பட்டவை, நூலக அறைகளில் நடந்தவை. அந்நூலகங்களுள் பெரும்பாலானவை இருப்பது எங்கே? கடைத்தொகுதிகளுக்குள். கைப்பைக் கடையையும் பல் மருத்துவ நிலையத்தையும் கடந்து, மின்படியில் நான்காம் தளம் ஏறிச் சென்றுதான் மரபா புதுமையா என்று நாம் இத்தனை ஆண்டுகள் வழக்காடியிருக்கிறோம்.

அதே குறிப்பேடுகளில் அவ்வறைகளில் வாசிக்கப்பட்ட கவிதைகளின் பட்டியலும் உள்ளது. கடைத்தொகுதியைப் பாடுபொருளாகக் கொண்டவை பதினொன்று. பதினொன்றிலும் அது அரக்கன், பணம் விழுங்கும் பூதம், கண்ணாடிக் கல்லறை. அவற்றுள் இரண்டு என்னுடையவை. ஆகவே பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை. ஆனால் அக்கவிதைகளில் ஒன்றில்கூட அங்கே உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவரும் இடம்பெறவில்லை. இத்தனை ஆண்டுகள் அங்கேயே நின்றிருந்த எனக்கும் இது இப்போதுதான் கண்ணில் பட்டது.

நம் பழங்கவிஞர்கள் அங்காடியை இப்படி ஒதுக்கவில்லை. மதுரைக்காஞ்சி, பகற்பொழுதின் நாளங்காடியையும் இரவின் அல்லங்காடியையும் தனித்தனியே நின்று பார்க்கிறது. நிலையாமையை எடுத்துரைக்க வந்த பாட்டு அது. அதில் மாங்குடி மருதனார் சந்தைக் கூச்சலுக்கு இவ்வளவு இடங்கொடுத்திருக்கிறார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பே. சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதையிலோ மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, சோலை மரங்களையே தூண்களாகக் கொண்டு நாளங்காடி நிற்கிறது. அதே காதையில் புகாரின் ஐவகை மன்றங்களும் வருகின்றன. காவலின்றிப் பொதிகள் கிடக்கும் வெள்ளிடை மன்றம், உடற்குறை உடையோர் நீராடி நலம்பெறும் இலஞ்சி மன்றம், நெடுங்கல் நின்ற மன்றம், பொய்யரைத் தண்டிக்கும் பூத சதுக்கம், கோல் கோடினால் வாய் திறவாமல் கண்ணீர் உகுக்கும் பாவை மன்றம் ஆகியவை அவை. அங்காடி வேறு, மன்றம் வேறு என்பதில் அடிகளுக்கு ஐயமில்லை. எனினும் இரண்டையும் ஒரே ஊரில், ஒரே விழாவில், ஒரே காதையில் வைத்தார்.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடந்த எழுபது ஆண்டுக் காலக் கடைத்தொகுதி வரலாற்றை, அங்காடி ஒன்று மன்றமாக வேண்டும் என்று ஆசைப்பட்ட கதையாகவே நான் படிக்கிறேன். அது ஆசைப்படும், இயலாமல் போகும், வணிகம் தளரும்போது மீண்டும் ஆசைப்படும்.

முதலில் ஆசைப்பட்டவர் விக்டர் குருயன் என்னும் கட்டடக் கலைஞர். 1903இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938இல் ஆஸ்திரியா நாஜிகளின் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தார். அங்கே அவர் கண்ட புறநகர்களில் வீடு இருந்தது, சாலை இருந்தது, மகிழுந்து இருந்தது. வியன்னாவில் அவர் பழகிய காப்பிக்கடையும் சதுக்கமும் இல்லை. நடந்து செல்லும்போது எதிர்ப்பட்டுப் பேச ஆள் இல்லை. அக்குறையைத் தீர்க்க எண்ணி அவர் வடிவமைத்ததே மினசோட்டா மாநிலத்தின் ஈடைனா என்னும் ஊரில் 1956 அக்டோபரில் திறக்கப்பட்ட சவுத்டேல். முழுதும் கூரையிட்டு, வெளிக்குளிரும் வெப்பமும் உட்புகாதபடி செய்து, கடைகள் எல்லாம் உள்முற்றத்தை நோக்கி நிற்குமாறு அமைத்தார். உலகெங்கும் உள்ள கடைத்தொகுதிகளுக்கு இன்றுவரை அதுவே தாய்வடிவம். சுற்றிலும் வீடுகள், பள்ளி, மருத்துவமனை, பூங்கா, ஏரி என ஒரு சிற்றூரையே அவர் வரைந்திருந்தார். அவர் வரைந்தபடி அந்த ஊர் எழவில்லை. முற்றத்தைச் சூழ விரிந்தது வாகன நிறுத்துமிடமே. தம் வடிவத்தை எடுத்துக்கொண்டு தம் நோக்கத்தைக் கைவிட்ட கட்டடங்கள் நாடெங்கும் பெருகுவதைக் கண்டு சலித்து, 1968இல் வியன்னாவுக்கே திரும்பினார். 1978இல் லண்டனில் பேசியபோது, அக்கட்டடங்களுக்குத் தம்மைத் தந்தை என்று சொல்வதையே மறுத்துவிட்டார். இரண்டு ஆண்டுகளில் காலமானார். தன் பிள்ளையைத் தானே மறுத்த இந்த மனிதரைப் பற்றித் தமிழில் எவரேனும் ஒரு நெடுங்கவிதை எழுதலாம் என்பது என் நெடுநாள் விருப்பம்.

சிங்கப்பூரில் அதே ஆசை வேறு வகையில் பிறந்தது. சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் என்ற திறந்தவெளிச் சந்தை 1966 டிசம்பரில் தீக்கிரையானது. அந்த நிலத்தில் எழுந்ததே பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ். கடைப்பகுதி 1970இல் திறக்கப்பட்டது. மேலே 31 மாடி உயரத்துக்கு எழுந்த வீடுகளோடு கட்டடம் 1973இல் நிறைவுற்றது. வில்லியம் லிம், டே கெங் சூன், கோ சியாவ் சுவான் ஆகிய இளைஞர் மூவரின் படைப்பு அது. கடைகளுக்கு நடுவே பல தளங்கள் உயரத்துக்கு ஒரு வெற்றிடத்தை விட்டு, அதை நகரத்தின் கூடம் என்று அழைத்தார்கள். எரிந்துபோன சந்தையின் கூட்டத்தையும் இரைச்சலையும் கூரைக்குள் கொண்டுவந்து குடிவைக்கப் பார்த்தார்கள் எனலாம். ஓரளவுக்கு அது நடந்தது. இன்றும் அக்கூடத்தில் நின்றால் சந்தையின் சாயல் தெரியும்.

நான் 1986இல் ஆர்ச்சர்ட் சாலைப் பேரங்காடி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் சிராங்கூன் சாலையில் என் மாமா கடையில் இருந்தவன். அக்கடையில் ஒரு சேலை விற்க ஒரு மணி நேரம் பேச வேண்டும். விலை சொல்வோம், வந்தவர் சிரிப்பார், எழுந்து போவதுபோல் போவார், நாம் அழைப்போம். ஆர்ச்சர்ட் சாலையில் விலை சீட்டில் அச்சிட்டிருந்தது. அங்கு வந்த நம் பெண்கள் பலர், பேரம் பேச வேண்டாம் என்பதையே ஒரு விடுதலையாகக் கண்டார்கள் என்றால் நம்புவீர்களா? வீட்டில் மின்விசிறி மட்டும் இருந்த காலம் அது. குளிர்ச்சி, ஒளி, தூய கழிவறை, ஏமாற்றமில்லா விலை ஆகியவையே அன்றைய எதிர்பார்ப்பு. அவற்றைத் தந்தாலே போதுமானதாக இருந்தது.

தொழில் நுணுக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவது விளங்குவதற்கு அது வேண்டும். பெரிய பேரங்காடியைத் தொழிலில் நங்கூரக் கடை என்போம். கூட்டத்தை இழுத்து வருவது அது என்பதால் சதுர அடிக்கு அதற்கு வாடகை குறைவு. அதை நோக்கி நடக்கும் கூட்டத்தை வழியில் மடக்கிப் பிழைக்கும் சிறு கடைகளுக்கு வாடகை மிகுதி. ஏறும் மின்படி ஓரிடத்திலும் அடுத்த தளத்துக்கு ஏறும் மின்படி எதிர்முனையிலும் இருப்பதைக் கண்டு கட்டடக் கலைஞரைத் திட்டியிருப்பீர்கள். நீங்கள் நடக்க வேண்டும் என்பதற்காகவே அது அப்படி. வாடகையிலும் ஒரு பகுதி நிலையானது. மற்றொரு பகுதி விற்பனையில் பங்கு. ஆகவே கட்டட உரிமையாளர், கடை நடத்துவோரின் கல்லாவுக்குள்ளும் ஒரு கண் வைத்திருப்பார்.

1987இல் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியது. மக்கள் வீட்டருகே எல்லாம் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். பீஷானில் ஜங்ஷன் 8, தெம்பனிஸ் மால், உட்லண்ட்ஸில் காஸ்வே பாயிண்ட் என 1990களில் நிலையத்துக்கு நிலையம் கடைத்தொகுதிகள் எழுந்தன. ஆர்ச்சர்ட் சாலைக்குக் குடும்பத்தோடு அலங்கரித்துக்கொண்டு வந்தவர்கள், செருப்போடும் சந்தைப் பையோடும் வீட்டருகே உள்ள கடைத்தொகுதிக்குள் நுழைந்தார்கள். 2002இல் தெம்பனிஸ் மால், ஜங்ஷன் 8, ஃபுனான் ஆகிய மூன்றையும் கொண்டு நாட்டின் முதல் சொத்து முதலீட்டு அறநிதி பங்குச் சந்தைக்கு வந்தது. அறநிதி என்ற சொல் இங்கே வந்து அமர்ந்திருப்பது தமிழின் விளையாட்டு. அதில் அறம் தேட வேண்டாம். இதன் விளைவு ஒன்றுதான் நமக்கு வேண்டியது. கட்டடம் முழுதும் ஒரே கையில் இருந்தால், எந்தக் கடை எங்கே இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று அந்தக் கை தீர்மானிக்கலாம். எதிர்பார்ப்பு மாறியவுடன் கட்டடமும் மாறலாம்.

எதிர்பார்ப்பு மாறவே செய்தது. என் கடைசி ஆண்டுகளில் வந்தவர்கள் துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள், விரலிடையே நெருடுவார்கள், விலைச் சீட்டைக் கைப்பேசியில் படமெடுப்பார்கள், மிகப் பணிவாக நன்றி கூறிப் போவார்கள். வீட்டுக்குப் போய் அதே துணியை வேறெங்கிருந்தோ குறைந்த விலைக்கு வரவழைப்பார்கள். அவர்கள்மீது எனக்குச் சினமில்லை. என் மகளும் அப்படித்தான் வாங்குகிறாள். 2017இல் நான் ஓய்வு பெற்றேன். 1858இல் தொடங்கிய ராபின்சன்ஸ், 162 ஆண்டுகளுக்குப் பிறகு, தன் எஞ்சிய கடைகளையும் மூடப்போவதாக 2020 அக்டோபரில் அறிவித்தது. அதற்கு முன்பே ஜான் லிட்டில் போயிற்று. நங்கூரம் அறுந்தால் கப்பல் என்னாகும் என்பதே எல்லாருடைய கேள்வியாக இருந்தது.

கவிஞர்களாகிய உங்களுக்கு வேறொரு இழப்பு நெருக்கமாக இருக்கும். 1997இல் வீலாக் பிளேஸில் திறந்த பார்டர்ஸ் புத்தகக் கடை. தரையில் அமர்ந்து முழு நூலையும் படித்துவிட்டு வாங்காமல் எழுந்து போனோரை அது பொறுத்துக்கொண்டது. நம்முள்ளும் அப்படிப் படித்தோர் உண்டு, பெயர் சொல்லமாட்டேன். 2011இல் அது மூடப்பட்டபோது வருந்திப் பேசியோரும் அவர்களே. என் தொழிலறிவு அப்போதே ஒன்றைச் சொல்லியது. மக்கள் அங்கு எதிர்பார்த்தது நூலைவிட, நூல் சூழ்ந்த ஓர் இருக்கையை. இருக்கைக்குக் கல்லாவில் கணக்கு இல்லை. கணக்கில்லாத பொருளை விற்கும் கடை நெடுநாள் நில்லாது.

கடைத்தொகுதிகளின் உரிமையாளர்கள் இப்பாடத்தை நம்மைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். பொருளை விற்க முடியாதபோது இருப்பதற்கான காரணத்தை விற்கத் தொடங்கினார்கள். ஃபுனானைப் பாருங்கள். 1985இல் பிறந்து, கணினிக்கும் அதன் உதிரிகளுக்கும் புகழ்பெற்ற இடம். 2016இல் மூடி, இடித்து, 2019 ஜூனில் புதிதாகத் திறந்தார்கள். காலை வேளையில் மிதிவண்டியோடு கட்டடத்துக்குள்ளேயே ஓட்டிச் செல்ல ஒரு பாதை, ஏறி விளையாடச் சுவர், கூரையில் கீரைத் தோட்டம், குறுகிய காலம் தங்கிச் செல்வோர்க்கு அறைகள். இவற்றோடு வைல்டு ரைஸ் நாடகக் குழுவுக்கு ஓர் அரங்கும். நாடகக் குழு ஒன்று கடைத்தொகுதிக்குள் தனக்கென அரங்கம் பெற்றதை நான் வரவேற்கிறேன். இதில் சிலர் என்னோடு முரண்படுவீர்கள். நாடகம் முடிந்து வெளிவரும் கூட்டம் உணவகங்களுக்குப் போகும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. இருக்கட்டுமே. கோயில் திருவிழாவில் கூத்து முடிந்து கலையும் கூட்டத்துக்காகப் பொரிகடலைக் கடை காத்திருக்கவில்லையா?

அதே ஆண்டு ஏப்ரலில் சாங்கி விமான நிலையத்தில் ஜுவல் திறந்தது. மோஷே சஃப்டி வடிவமைத்த கண்ணாடிக் குவிமாடம். நடுவே 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் நீர். சுற்றிலும் படிப்படியாக ஏறும் செடிகள். அதைக் காணக் கட்டணம் இல்லை. என் மனைவியோடு நான்கு முறை போயிருக்கிறேன். நான்கு முறையும் காப்பி மட்டுமே வாங்கினோம். அருவியின் ஓசைக்கு நடுவே ஒரு மூதாட்டி, குற்றாலத்தில் குளித்த கதையைப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பேத்தி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எழுதினால் நமக்குப் பழகிய கவிதை வந்துவிடும். உண்மையில் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இனி நம் நூலகங்களுக்கு வருகிறேன். 1995இல் தேசிய நூலக வாரியம் அமைந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியிலேயே சுவா சூ காங், ஹவ்காங், புக்கிட் பாஞ்சாங் வட்டாரங்களில் நூலகங்கள் கடைத்தொகுதிகளுக்குள் குடியேறின. மக்கள் நூலகத்துக்கு வரவில்லையெனில் நூலகம் மக்கள் இருக்குமிடம் போகட்டும் என்பது எண்ணம். 1999இல் ஆர்ச்சர்ட் சாலையின் நீ ஆன் சிட்டிக்குள்ளேயே ஒன்று திறந்தது. அது 2007இல் மூடப்பட்டு, 2014இல் ஆர்ச்சர்ட் கேட்வேயில் மறுபிறவி எடுத்தது. இடையில் அந்தச் சாலையில் ஏழாண்டு நூலகம் இல்லை, கடைகள் இருந்தன.

2019 ஜனவரியில் விவோசிட்டியில் ஹார்பர்ஃபிரண்ட் நூலகம் திறந்தபோது, கடலைப் பார்த்தவாறு படிக்கலாம் என்று நாம் மகிழ்ந்தோம். அது எவ்வாறு வந்தது என்பதை நம்மவர் பலர் அறியார். சமூகப் பயனுள்ள வசதிக்குக் கட்டடத்தில் இடம் ஒதுக்கினால், அதற்கு ஈடாகக் கூடுதல் வணிகப் பரப்பைக் கட்டிக்கொள்ள நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் திட்டம் ஒன்று இசைவு தருகிறது. நூலகம் வந்ததால் கடைகளும் கூடின. கூட்டத்தை இழுக்கும் பணியைப் பழைய பேரங்காடிக்கு மாற்றாக நூலகமும் செய்கிறது. அன்பர்களே, இந்த வட்டத்தில் சங்கப்பாடல் படிக்க வருகிற நாமே இன்று நங்கூரம். எனக்கு இதில் வருத்தமில்லை. ஒரு சிறு பெருமைகூட உண்டு. 31 ஆண்டுகள் துணி விற்றபோது கிடைக்காத மதிப்பு, கவிதை கேட்க நாற்காலியில் அமர்ந்ததும் கிடைத்துவிட்டது.

ஆனால் ஒன்றை நாம் மறக்கலாகாது. அந்த இடம் எழுந்தது அரசு ஒரு விதியை எழுதியதால். உரிமையாளரின் தாராளத்தால் அன்று.

தாராளத்தை மட்டும் நம்பினால் என்னாகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. நம் வட்டத்தைத் தொடங்கியோருள் ஒருவர், மறைந்த மூத்த கவிஞர்; பெயர் வேண்டாம், இந்த அவையில் அவரை அறியாதார் இலர். தம் வீட்டருகே இருந்த கடைத்தொகுதியின் கீழ்த்தளத்தில், மேற்கூரைக் கண்ணாடி வழியே வெயில் விழும் ஒரு மரப்பலகையில் நாள்தோறும் காலை பத்து மணிக்கு அமர்வார். வீட்டில் பேரப்பிள்ளைகள் இணையவழிப் பாடம் படிக்கத் தொடங்கிய பின்னர் அவருக்கு அதுவே எழுத்தறை. துப்புரவுப் பணிப்பெண் ஒருவரும், எதிர்ப்புறப் புளோக்கில் குடியிருந்த மலாய்க்காரர் ஒருவரும் அதே பலகையில் ஓய்வெடுப்பார்கள். மூவருக்கும் பொது மொழி சரியாக இல்லை. வணக்கம் மட்டும் நாள் தவறாமல் நடந்தது. பிறகு அக்கடைத்தொகுதி புதுப்பிக்கப்பட்டது. பலகை இருந்த இடத்தில் முத்துத் தேநீர்க் கடை ஒன்றும் அதன் வாடிக்கையாளர்க்கு மட்டுமான நாற்காலிகளும் வந்தன. மறுநாள் பழக்கத்தால் போய் அமர்ந்தவரிடம் காவலர், "அங்கிள், இங்கே உட்கார ஏதாவது வாங்கணும்" என்றார். இனிப்பு நீர் நோய் உள்ளவர் நம் கவிஞர். ஆகக் குறைந்த விலையில் ஒரு தேநீர் வாங்கி, குடியாமல் முன்னே வைத்துக்கொண்டு எழுதினார். அதற்கு இருக்கை வாடகை என்று பெயரும் வைத்தார். இரண்டு வாரம் அப்படிப் போனது. மூன்றாம் வாரம் வேறொரு வட்டாரத்துக்குப் பேருந்தேறி, நூலகம் உள்ள கடைத்தொகுதியைத் தேடிக்கொண்டார். அந்தப் பணிப்பெண்ணும் மலாய்ப் பெரியவரும் எங்கே போனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசிவரை அதைக் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

அந்த உரிமையாளர் தீயவர் என்று நான் சொல்லமாட்டேன். மாறிவரும் எதிர்பார்ப்புக்கு ஏற்பவே அவர் மாற்றினார். இளைஞர்கள் அந்தத் தேநீரை எதிர்பார்த்தார்கள், வரிசையில் நின்றார்கள். யாருடைய எதிர்பார்ப்பு கணக்கில் வருகிறது என்பதே வினா. வாங்குவோர் எதிர்பார்ப்பு வரும். வெறுமனே இருப்போர் எதிர்பார்ப்பு வாராது. மன்றத்துக்கு இந்தக் கணக்கு இல்லை. இலஞ்சி மன்றத்தில் நீராட வந்த குறளனிடம் எவரும் எதையும் வாங்கச் சொன்னதாக அடிகள் பாடவில்லை.

இதற்கு நேர்மாறாக, எவரும் திட்டமிடாமலே மன்றமான அங்காடிகளும் இந்நகரில் உண்டு. கடை கடையாகத் தனித்தனி உரிமையாளர்க்கு விற்கப்பட்ட பழைய கட்டடங்களைச் சொல்கிறேன். அங்கே ஒரே கை இல்லை. ஆகவே புதுப்பிக்க முடியாது, கூரை ஒழுகும், மின்படி பழுதாகும். வணிக நூல்கள் இவற்றைத் தோல்வி என்று எழுதும். ஆனால் வாடகை குறைந்ததும் வேறு மக்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லக்கி பிளாசாவில் பிலிப்பினோப் பணிப்பெண்கள் ஊருக்குப் பணம் அனுப்பி, தம் ஊர் உணவு உண்டு, படியில் அமர்ந்து சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெனின்சுலா பிளாசா பர்மியருக்கு அப்படி. 1973இல் கட்டிய கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் தாய்லாந்து மக்களுக்கு நெடுங்காலம் அப்படி இருந்தது. அதன் கட்டடம் 2021இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது; 2022இல் விற்கப்பட்டது; 2023இல் குடியிருந்த கடைகள் வெளியேறின. கற்காரை காப்பாற்றப்பட்டது. அங்கே கூடியவர்கள் கலைந்தார்கள்.

நம் சிராங்கூன் சாலையையும் சொல்லாமல் விட முடியாது. 1970களின் தொடக்கத்தில் சிறு கடையாகத் தொடங்கி, 1995இல் சையது ஆல்வி சாலையில் முஸ்தஃபா சென்டராக வளர்ந்த கடையில் முற்றமும் இல்லை, அருவியும் இல்லை. இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் விலக வேண்டிய இடைவழி. மக்கள் எதிர்பார்ப்பை அது புரிந்துகொண்டது நேரத்தில். 2003 முதல் இரவும் பகலும் மூடாமல் திறந்து வைத்தது. இரவு வேலை முடிந்த ஊழியர், விடியலில் விமானம் ஏறுபவர், ஊருக்குப் போகும் நண்பனின் பெட்டியை நிரப்ப உடன் வந்தவர் என அவர்களுக்கு வேறு பொழுது இல்லை. மருதனார் மதுரையில் கண்ட அல்லங்காடியை நான் அங்கே விடியற்காலை மூன்று மணிக்குக் கண்டேன். பற்பசை அடுக்குக்கு முன்னால் ஓர் இளைஞர், தங்கைக்கு எந்தச் சோப்பு பிடிக்கும் என்று ஊருக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே அப்போது மணி பன்னிரண்டரை; அதற்காகத் தங்கையை எழுப்பியிருக்கிறார்கள். 2020இல் நோய்த்தொற்றோடு அந்த இடையறாத் திறப்பு நின்றது. பின்னர் நள்ளிரவுக்கு அப்பாலும் நீளும் நேரம் மட்டும் மீண்டது. மூன்று மணி மீளவில்லை.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கும் உரிமையை இந்தப் பத்தாண்டு எனக்குத் தந்திருக்கிறது என்று நம்புகிறேன். பன்னிரண்டாவது கடைத்தொகுதிக் கவிதையை எழுதுபவர், எழுதுமுன் அங்கே ஒரு மணி நேரம் எதையும் வாங்காமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்த இருக்கையில் அமர முடிந்தது, எதிலிருந்து எழுப்பப்பட்டார், அருகில் இருந்தவர் யார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அரக்கன் என்று எழுதுவதானால் அதன் பிறகு எழுதலாம், நான் மறுக்கமாட்டேன்.

முடிப்பதற்கு முன் ஓர் அறிவிப்பு. நாம் வழக்கமாகக் கூடும் நூலகம், அது இருக்கும் கடைத்தொகுதியின் புதுப்பிப்புப் பணியை முன்னிட்டு அடுத்த மாதம் முதல் மூடப்படுகிறது. எப்போது திறக்கும் என்பது உறுதியாகவில்லை. சமூக மன்றம் ஒன்றில் அறை கேட்டு எழுதியிருக்கிறோம். அம்மன்றமும் ஒரு கடைத்தொகுதியின் உள்ளேதான் இருக்கிறது என்பதைச் செயலாளர் அம்மையார் நேற்றுத்தான் என்னிடம் சொன்னார். முப்பது நாற்காலி போடக்கூடிய வேறு இடம் எவரேனும் அறிந்திருந்தால், கவியரங்கம் முடிந்ததும் அவரைக் காண வேண்டுகிறேன்.